வால்வு அண்ணன் தேர்ந்தெடுத்த ஓடைகள்

2023 ஜனவரி 22, ஞாயிறு. காலை 3.50-க்கு எழுந்தேன். பல் துலக்கி, வெந்நீர் குடித்து, முந்தைய நாள் குறிப்பில் விட்டுப்போன ஒரு வரியைச் சேர்த்தேன்: தையல்காரரிடமிருந்து பேன்ட் இன்னும் வரவில்லை. 4.20-க்குப் புளியோதரையை மூன்று டப்பாக்களில் அடைத்தேன். அட்டைப்பூச்சிக்கு உப்பு ஒரு பொட்டலம், மூக்குப்பொடி ஒரு டப்பி. 4.55-க்கு அக்ரஹாரத்தில் எங்கள் தெருமுனையில் போய் நின்றேன். வால்வு அண்ணன் ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஐந்து மணிக்கு வந்தார்.

சொன்ன நேரத்துக்கு வருகிற மனிதர் மைசூரில் அவர் ஒருவர்தான். நான் சந்தித்தவர்களிலேயே பெரிய பிடிவாதக்காரர், பெரிய வாய்க்காரர், பெரிய நன்றிகெட்டவர் என்ற மூன்று இடங்களிலும் முதலாவதாக நிற்பவரும் அவர் ஒருவர்தான். இதைக் கோபத்தில் எழுதவில்லை. என்னிடம் இருபத்து மூன்று வருடத்து நாட்குறிப்புகள் இருக்கின்றன. சரிபார்த்துத்தான் எழுதுகிறேன்.

அவர் இப்போது மலைப்பக்கம் போவதில்லை. அதற்குக் காரணம் நான் என்பது அவர் கட்சி. "அதோ போறாரு பாருங்க, என் காலைப் பிடுங்கிக்கிட்டவரு" என்று டீக்கடையில் என்னைக் காட்டி, முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்கிறார். நான் காது கேட்காதவன்போல டீயைக் குடித்துவிட்டு வருகிறேன். என் கட்சியை யாரும் கேட்டதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அவருடைய பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வால்வுமேன். ஹனூர்ப் பக்கத்திலிருந்து இருபது வயதில் வந்தவர். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, செருப்பில்லாமல், விடியுமுன் தெருத்தெருவாக நடப்பார். குழிமூடியைத் தூக்கி, சாவியை உள்ளே விட்டுத் திருகுவார். தண்ணீர் வந்தால் அவரை யாரும் நினைப்பதில்லை. வராவிட்டால் தெரு முழுக்க அவரைத்தான் நினைக்கும், சத்தமாக.

"வால்வு அண்ணா, நீர் பிட்டில்வா? மூணு நாளாச்சு, தண்ணிய விட்டியா, வித்தியா?"

"வரலீன்னா வையறீங்களேம்மா, வந்தா எங்கிருந்து வந்துச்சுன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

இதுதான் அவருடைய நோய். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஊரில் யாரும் கேட்பதில்லை என்பது அவருக்குத் தாங்க முடியாத அவமானம். குழாயடியில் விரலை நீட்டி, "இது ஆத்துத் தண்ணி, இதுல போர் தண்ணி கலந்திருக்குது" என்பார். சரியாகவே இருக்கும். சாவியின் ஒரு முனையைக் குழாய்மேல் ஊன்றி மறுமுனையில் காதை வைத்து, "நாலு வீடு தள்ளி மண்ணுக்குள்ள கசியுது" என்பார். தோண்டினால் கசியும். கை, கால், காது இந்த மூன்றைத் தவிர உலகத்தில் எதையும் அவர் நம்பியதில்லை.

நான் அவரிடம் மாட்டிக்கொண்டது 2017-இல். எங்கள் வீட்டில் ஐந்து மணிக்கு வரவேண்டிய தண்ணீர் 5.12-க்கு வந்துகொண்டிருந்தது. மூன்று மாதம் தேதிவாரியாகக் குறித்து, ஒரு நாள் நோட்டோடு போய் அவரை மறித்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். நோட்டை வாங்கி, குழிமூடியின்மேல் உட்கார்ந்து, முழுவதையும் படித்தார்.

"நான் அஞ்சுக்குத் தெறக்கறனுங்க. உங்க வீடு கடைசி. தண்ணி நடந்து வர பன்னெண்டு நிமிசம் ஆகாதுங்களா?" என்றார். பிறகு, "ஏனுங்க, இதுல எத்தன மணிக்கு வந்துச்சுன்னு இருக்குது. எங்கிருந்து வந்துச்சுன்னு இல்லீங்களே?"

"அது எனக்கெதுக்கு அண்ணே?"

"அடுத்த ஞாயித்துக்கிழம வாங்க" என்றார்.

போனேன். ஆறு வருடம் போனேன்.

மலை ஏறுகிற கூட்டங்கள் மைசூரில் நிறைய உண்டு. ஒரே நிறத்தில் பனியன் போட்டு, பாதையில் வரிசையாகப் போய், உச்சியில் போட்டோ எடுத்து வருவார்கள். வால்வு அண்ணனுக்கு உச்சியும் வேண்டாம், பாதையும் வேண்டாம். மலையிலிருந்து இறங்குகிற ஓர் ஓடையைக் கீழே பிடித்து, அதற்குள்ளேயே நடந்து, பாறைமேல் ஏறி, குட்டையில் இறங்கி, மூங்கில் புதரில் தவழ்ந்து, அது பிறக்கிற இடம்வரை போக வேண்டும். கரையேறினால் குற்றம்.

"பாதைங்கறது என்னங்க? பைப்பு. எவனோ ஒருத்தன் எங்கியோ போறதுக்குப் போட்ட பைப்பு. அதுல போனா அவன் போன எடத்துக்குத்தான் நீங்களும் போவீங்க."

சட்டங்கள் பல. காலில் எதுவும் போடக்கூடாது; "செருப்புக் காலுக்கு என்ன தெரியும்?" ஓடையின் தண்ணீரை ஊற்றுக்கண் பார்க்கும்வரை குடிக்கக்கூடாது. அதுவரை குடிக்க, அக்ரஹாரத்துக் குழாய்த் தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிடித்து வருவார். பளிங்குபோல ஓடுகிற மலைத் தண்ணீரில் முழங்கால் வரை நின்றுகொண்டு, "நானே தெறந்து உட்டது" என்று குழாய்த் தண்ணீரைக் குடிப்பார். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்பவர் சாப்பாட்டுப் பையைச் சுமக்க வேண்டும்.

அந்தப் பையை எப்போதும் சுமந்தவர் எங்கள் மூன்றாவது ஆள், மண்டி மொஹல்லாவில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். பிறந்து வளர்ந்தது மைசூர், அதனால் அவருடைய தமிழில் பாதி கன்னடம். வேன் அவருடையது. கயிறு, விசில், முதலுதவிப் பெட்டி, வரைபடம் காட்டும் போன் என்று எல்லாம் கொண்டுவருவார். எதையும் வெளியே எடுக்க அனுமதி கிடைத்ததில்லை.

"குரு, மேப்புல ரைட்டுல ஒரு ஜீப் ரோடு தோர்ஸ்தாயிதே, காட்டுது பாருங்க. இல்லிந்தா எரடே நிமிஷம்."

"அந்த போனை இந்தக் குட்டையில போடுங்க. அது எங்க போய்ச் சேருதுன்னு பாப்போம்."

"பிடி குரு, விடுங்க, சும்மா சொன்னேன்."

இரண்டு ஓடைகள் சேரும் இடத்தை வால்வு அண்ணன் 'ஜாயின்ட்' என்பார். எந்தப் பக்கம் தாய் ஓடை, எந்தப் பக்கம் கிளை என்று அங்கே முடிவாக வேண்டும். தப்பான பக்கம் திரும்பினால் அன்றைய நாள் போச்சு. மற்றவர்கள் அகலம் பார்ப்பார்கள், வேகம் பார்ப்பார்கள். அவர் இடது காலை இடது ஓடையிலும் வலது காலை வலது ஓடையிலும் வைத்து, கண்ணை மூடிப் பத்து எண்ணுவார். எது குளிர்ச்சியோ அதுதான் தாய். "தாய்த் தண்ணி நெழலுக்குள்ளயே வரும். கிளைத் தண்ணி ஊர் சுத்திட்டு வெயில்ல வரும்." அவ்வளவுதான் விஞ்ஞானம்.

எனக்கு அது போதவில்லை. நான் ஒரு பால் பண்ணையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வருகிற பால், போகிற பால் எல்லாவற்றிலும் தெர்மாமீட்டரை விட்டு எழுதுவது என் வேலை. 2019-இலிருந்து ஒரு தெர்மாமீட்டரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். அவர் முடிவைச் சொல்லி முன்னே நடந்ததும், பின்னால் குனிந்து இரண்டு பக்கமும் அளப்பேன். 2022 கோடைவரை இருபத்தாறு ஜாயின்ட்டுகள். இருபத்தாறும் சரி. ஓரிடத்தில் வித்தியாசம் அரை டிகிரிகூட இல்லை, அங்கேயும் சரி. ஒரு கருவியிடம் வைக்கிற மரியாதையை நான் ஒரு மனிதரிடம் வைத்தது அவரிடம் மட்டும்தான்.

2022 அக்டோபரில், மழை வெறித்த பிறகு, குடகில் ஓர் ஓடையைப் பிடித்தோம். கீழே காபித் தோட்டம், மேலே அந்தத் தோட்டத்துக்கே சொந்தமான அடர்ந்த காடு. தோட்டத்தின் கணக்குவழக்கு பார்க்கும் ரைட்டர் தமிழர். முதலாளியிடம் பேசி அனுமதி வாங்கித் தந்தார். ஆனால் அவருக்கு எங்கள் நோக்கம் புரியவில்லை.

"ஊத்துதான பாக்கணும்? எங்க பம்ப் ஆளு தினம் ஜீப்புல போய்ட்டு வர்றான். ஏறுங்க, இருபது நிமிஷத்துல காட்டிட்டுக் கூட்டியாந்துடறேன்."

வால்வு அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்க கல்யாணத்துக்கு நீங்க போனீங்களா, போட்டோ பாத்துக்கிட்டீங்களா?"

ரைட்டர் அதோடு சரி. கேட்டைத் திறந்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

அக்டோபரில் அந்த ஓடை எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம், காட்டுப்பன்றிகள் புரளும் ஒரு சேற்றுக்குழி. நவம்பரில் ஒரு மொட்டைப் பாறை. அதன் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது, மூன்று நாள் முன்பு பெய்த மழை. டிசம்பரில் நடந்ததைத்தான் பெயிண்ட் கடைக்காரர் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார். நான்கு மணி நேரம் பாறையிலும் முள்ளிலும் ஏறினோம். தண்ணீரில் நுரை வந்தது.

"மேல அருவி இருக்குதுங்க. நுரையப் பாருங்க" என்றார் வால்வு அண்ணன், முகமெல்லாம் வெளிச்சமாக.

மேலே போனால் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் பின்பக்கம். இரண்டு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். சாக்கடை வழியாக ஏறி வந்த மூன்று மனிதர்களை அவர்கள் நிதானமாகப் பார்த்தார்கள்.

"யாருங்க? புதுசா வேலைக்கு வந்தவங்களா?" என்றாள் ஒருத்தி.

"வர்ற வழி அந்தப் பக்கம் இருக்குதுங்களே, அண்ணா" என்றாள் மற்றவள்.

"இது இந்த ஓடையோட தப்பு" என்றார் வால்வு அண்ணன்.

ஓடையின் தப்பு இல்லை. என் நோட்டில் இருந்தது. அந்த மூன்று ஞாயிறுகளில் எட்டு ஜாயின்ட்டுகள். ஐந்தில் அவர் சொன்ன பக்கம் தவறு. கண்ணை மூடி ஒரு கல்லை எறிந்து முடிவு செய்திருந்தாலும் அவ்வளவு தப்பாகாது. எனக்குக் காரணம் தெரியும். என் அப்பாவுக்குச் சர்க்கரை. மே மாத வெயிலில் ஒரு செருப்பு காலிலிருந்து நழுவியது தெரியாமல் கடைவீதி முழுக்க நடந்து வந்தவர் அவர். டிசம்பரில் அந்தச் சாக்கடையிலிருந்து திரும்பிய மறுவாரம், வால்வு அண்ணன் தம் மொபெட்டை நிறுத்திவிட்டு என்னோடு பேசிக்கொண்டு நின்றார். ஏதோ பொசுங்கும் வாசனை வந்தது. கீழே பார்த்தால் அவருடைய கால் கட்டைவிரல் சைலன்சரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கால்!"

எடுத்தார். பார்த்தார். "அட, ஒண்ணுமில்லீங்க" என்று திட்டுவதைத் தொடர்ந்தார்.

வீட்டுக்கு வந்து அதை எழுதினேன். நேரம், எந்த விரல், எந்தக் கால், கொப்புளத்தின் அளவு, எல்லாம். அவரிடம் மட்டும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையில் நான் மறைக்க நினைத்த ஒரே விஷயம் இதுதான். மறைத்தால் மற்றவை பொய்யாகிவிடும். சொன்னால் அவர் நடப்பதை நிறுத்த வேண்டியிருக்கும். நிறுத்தினால் என் ஞாயிறுகள் போய்விடும். மற்ற ஆறு நாட்களில் என் நாட்குறிப்பில் பாலின் சூடும் பஸ் வந்த நேரமும்தான் இருக்கும். அவருடைய காலா, என் ஞாயிறா என்று எடை போட்டேன். ஞாயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் அவர் பின்னால் நடந்தேன்.

அப்படித்தான் ஜனவரி 22 வந்தது.

8.40-க்கு ஓடையில் இறங்கினோம். தண்ணீர் கணுக்கால் அளவு. மேலே மரங்கள் அடைத்துக்கொண்டிருந்ததால் பத்து மணிவரை டார்ச் தேவைப்படுமோ என்றிருந்தது. பாறைகளில் பாசி. விழுந்த மரங்களைத் தாண்ட முடியாத இடங்களில் அடியில் புகுந்தோம். ஓரிடத்தில் மூங்கில் புதர் ஓடையை முழுக்க அடைத்திருந்தது. வயிற்றால் ஊர்ந்து கடக்க நாற்பது நிமிடம் ஆனது. பெயிண்ட் கடைக்காரரின் சட்டை அங்கேயே தங்கிவிட்டது.

"இன்னும் எவ்வளவு..." என்று தொடங்கி அவரே நிறுத்திக்கொண்டார். பை ஏற்கெனவே அவர் தோளில்தான் இருந்தது.

"கேளுங்க, கேளுங்க. ரெண்டாவது பை ஒண்ணு தெச்சுத் தரச் சொல்லலாம்" என்றார் வால்வு அண்ணன். அன்று நல்ல உற்சாகத்தில் இருந்தார். நாலாவது தடவை. இந்தத் தடவை ஊற்று கிடைக்காவிட்டால் சாவியை ஆணியில் மாட்டிவிடுவதாக வேனில் சபதம் செய்திருந்தார்.

11.20-க்கு ஜாயின்ட். அவர் இரண்டு காலையும் வைத்தார், கண்ணை மூடினார், பத்து எண்ணினார்.

"இடதுங்க."

பெயிண்ட் கடைக்காரர் முகம் கழுவக் குனிந்தவர், இரண்டு பக்கமும் கையை விட்டார். "குரு, ரைட்டுல அல்லவா ஜாஸ்தி கோல்டா இருக்கு?"

"பெயிண்ட் டப்பாவுல ஊறின கைக்கு என்னங்க தெரியும்?"

நான் அளந்தேன். இடது 19.4. வலது 17.8. பெயிண்டில் ஊறின கைக்கே தெரிகிற வித்தியாசம். எழுதினேன். தெர்மாமீட்டரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வழக்கம்போல இடது பக்கம் திரும்பினேன்.

அவர் முன்னால் ஒரு காய்ந்த பாறைமேல் ஏறினார். அவர் கால் எடுத்த இடத்தில் சிவப்பாக ஒரு தடம் இருந்தது. அடுத்த பாறையிலும் இருந்தது.

"அண்ணே, ரத்தம்."

"அட்டைங்க. பொடி போடுங்க, உழுந்துரும்."

பெயிண்ட் கடைக்காரர் மூக்குப்பொடியோடு வந்து குனிந்தவர், தும்மாமல் அப்படியே நிமிர்ந்தார். அட்டை இல்லை. வால்வு அண்ணனைப் பிடித்து உட்கார வைத்தோம். இடது உள்ளங்காலில் ஒரு மூங்கில் முள், என் சுண்டுவிரல் நீளம் இருக்கும், ஏறி உள்ளே ஒடிந்திருந்தது. மூங்கில் புதரைக் கடந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"எப்பக் குத்துச்சு அண்ணே?"

"என்ன குத்துச்சு?"

பெயிண்ட் கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் துண்டை எடுத்து, முள்ளை அசைக்காமல் சுற்றிக் கட்டினேன். கட்டி முடித்ததும் வால்வு அண்ணன் எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஆச்சில்ல? வாங்க. இன்னும் ரெண்டே ஜாயின்ட்டுதான். தண்ணி சொல்லுது."

"அண்ணே, போக வேண்டாம்."

"ஏன், உங்களுக்கு வலிக்குதா?"

"உங்களுக்கு வலிக்கலையே. அதான்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை வேறு வழியில் நிறுத்த எனக்குத் தெரியவில்லை. நோட்டை எடுத்துப் படித்தேன். அக்டோபர் 9, முதல் ஜாயின்ட், அண்ணன் சொன்னது வலது, குளிர்ச்சி இடது. இரண்டாவது, சரி. மூன்றாவது, தவறு. ஒன்றுவிடாமல், டிகிரிக் கணக்கோடு, தண்ணீருக்குள் நின்றபடி எல்லாவற்றையும் படித்தேன். சைலன்சரையும் படித்தேன். தபால்காரர் தந்தியைப் படித்துக் காட்டுவதுபோலப் படித்ததாகப் பெயிண்ட் கடைக்காரர் பிறகு சொன்னார். எனக்கு வேறு மாதிரி படிக்க வராது.

வால்வு அண்ணன் ஜாயின்ட்டுக்குத் திரும்பி வந்து குனிந்தார். கையை முதலில் இடதில் விட்டார். பிறகு வலதில். கை பொய் சொல்லவில்லை. அது அவர் முகத்தில் தெரிந்தது.

"எப்ப இருந்து தெரியும்?"

"அக்டோபர் ஒன்பதாம் தேதியிலிருந்து."

"நாலு மாசம்." குரலில் கோபம் இல்லை; இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாலு மாசமா தப்பான ஓடையில என்னை நடக்க உட்டுட்டு, பின்னாடியே எழுதிக்கிட்டு வந்தீங்களாக்கும்?"

அந்த இடத்தில் நோட்டு காலியாக இருக்கிறது.

பெயிண்ட் கடைக்காரர் ஆறு வருடத்தில் முதல் தடவையாகத் தம் போனை அனுமதி கேட்காமல் வெளியே எடுத்தார். ஜீப் சாலை வலது கரையிலிருந்து இருநூறு அடி. ரைட்டருக்குப் போன் போட்டார். வால்வு அண்ணனை இருவரும் தோளில் தாங்கிக் கரையேற்றினோம். சாலையின் செம்மண்ணைக் கண்டதும், "பைப்பு" என்றார்.

ரைட்டர் ஜீப்போடு வந்தார். ஏற்றினோம். ஜீப் கீழே போவதற்குப் பதில் மேலே போனது.

"ஆஸ்பத்திரி கீழதானங்க?" என்றேன்.

"இங்க எப்படித் திருப்பறது சார்? ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். மேல ஊத்துகிட்டதான் வண்டி திரும்ப எடம் இருக்கு."

வால்வு அண்ணனுக்குப் புரிந்த அந்தக் கணத்தில் இரண்டு கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டார். "வந்தாச்சுன்னு எவனாச்சும் சொன்னீங்க, எறங்கி ஓடிருவேன்" என்றார். ஓட முடியாதவர் சொன்ன சொல்.

நாலு நிமிடத்தில் ஊற்று வந்தது. நான் பார்த்தேன். பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் வருகிறது. வந்த கையோடு ஒரு சிமென்ட் தொட்டியில் விழுகிறது. தொட்டியிலிருந்து தோட்டத்துக்கு ஒரு குழாய். நாலு மாதமாக நாங்கள் தேடிய இடம். ரைட்டர் வண்டியை முன்னும் பின்னுமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். வால்வு அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் அவர் தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது.

"ரைட்டரே."

"என்னங்க?"

"அந்த வால்வு கசியுது. இப்படியே உட்டீங்கன்னா கோடையில தொட்டி நெறையாது. பேக்கிங் மாத்தச் சொல்லுங்க."

ரைட்டர் இறங்கிப் போய்ப் பார்த்தார். கசிந்தது.

சிறிய ஆஸ்பத்திரி. முள்ளை எடுத்து, சுத்தம் செய்து, ஊசி போட்டார்கள். இரத்தச் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு அந்த டாக்டரம்மா அவரை வைத வசவு, எங்கள் தெருப் பெண்கள் முப்பது வருடமாக வைததைவிட அதிகம். இனி வெறுங்காலோடு வாசலுக்குக்கூடப் போகக்கூடாது. காட்டைப் பற்றிப் பேசவே கூடாது.

"மனேல யாரு இதாரே? வீட்ல யார் இருக்காங்க?"

"நானும் என் சாவியும்." மனைவி இல்லை. மகள் சாமராஜநகரில், தன் குடும்பத்தோடு.

"உங்க காலுக்கு உணர்ச்சி இல்ல. தினமும் காலையில எழுந்ததும் யாராவது ரெண்டு உள்ளங்காலையும் பாக்கணும். சின்னக் கீறல்கூட விடக்கூடாது. இல்லாட்டி அடுத்த தடவ முள்ளை எடுக்க மாட்டேன், காலை எடுப்பேன்."

"என் காலை நான் பாத்துக்குவனுங்க."

"பாத்துக்கிட்ட லட்சணம்தான் தெரியுதே" என்று அவர் துண்டைக் குப்பைக்கூடையில் போட்டார்.

திரும்பி வருகையில் வேனில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எங்கள் முழங்கைகள் இடித்துக்கொண்டிருந்தன. மூன்று மணி நேரத்தில் அவர் பேசியதெல்லாம் வேன் ஓட்டியவரிடம்தான்.

"பெயிண்ட்டு, அவருகிட்டச் சொல்லுங்க, ஜன்னலைச் சாத்தச் சொல்லி."

"குரு, நீங்களே சொல்லலாமே, பக்கத்துலயே இதாரே..."

"சொல்லுங்கன்னா சொல்லுங்க."

"டைரி சார், ஜன்னல் சாத்தணுமாம்."

சாத்தினேன். ஹுன்சூர் தாண்டியதும், "பெயிண்ட்டு, அவருகிட்டக் கேளுங்க, இன்னிக்கு நடந்ததையும் எழுதுவாரான்னு."

"டைரி சார், எழுதுவீங்களா?"

"எழுதுவேன்னு சொல்லுங்க."

"எழுதுவாராம் குரு."

"எழுதட்டும். ஒண்ணையும் உடாம எழுதச் சொல்லுங்க. அவரு பண்ணினதையும்."

அக்ரஹாரத்தில் அவர் வீட்டு வாசலில் இறக்கியபோது, முதல் முறையாக நேராக என் முகத்தைப் பார்த்தார். "இனிமேல் இந்தப் படியேறாதீங்க" என்றார். கதவு சாத்தியது. பெயிண்ட் கடைக்காரர் என் முதுகில் தட்டி, "பிடி, டைரி சார், சரி ஆகும்" என்றார். ஆகவில்லை. டீக்கடையில் அவர் என்னைப் பற்றிச் சொல்வது இன்றும் தொடர்கிறது. இந்த மாதம் நான் கேட்டதே ஏழு தடவை.

ஜனவரி 23, திங்கள். முதல் வேலையாக, 4.10-க்கு அந்தப் படியேறிக் கதவைத் தட்டினேன்.

திறக்க நேரமானது. "ஏற வேண்டாம்னுதானுங்க சொன்னேன்?"

"சொன்னீங்க."

கதவிலிருந்து கையை எடுத்தார். பிறகு நொண்டிக்கொண்டே உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். நான் தரையில் உட்கார்ந்து, கட்டுப் போடாத வலது காலை எடுத்து மடியில் வைத்து, டார்ச்சை அடித்தேன். குதிகால், உள்ளங்கால், விரலிடுக்கு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன இருக்குது?"

"ஒண்ணுமில்லண்ணே."

"நல்லாப் பாருங்க."

மறுபடியும் சுண்டுவிரலிலிருந்து பார்க்கத் தொடங்கினேன்.